தம்பிக்கு வென்டிலேட்டர் இல்லாம மூச்சு வர கரண்ட் மெஷின் வைக்கலாமா? ஒரு அக்காவோட கேள்விக்கு என் பதில்

கடிதம் எழுதின அக்காவுக்கு வணக்கம். மத்தவங்களுக்கும் புரியணும்னு நீங்க எழுதினதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். உங்க தம்பிக்கு 27 வயசு, உயரத்துல இருந்து விழுந்து கழுத்துல சி-3 லெவல்ல, அதாவது மேல இருந்து மூணாவது கழுத்தெலும்பு மட்டத்துல, தண்டுவடம் அடிபட்டிருக்கு, அஞ்சு மாசமா தொண்டையில ஓட்டை போட்டு ட்யூப் வழியா வென்டிலேட்டர்ல இருக்கார். இனிமே வாழ்நாள் முழுக்க மெஷின்தான்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு தடவை சேர்ல உட்கார வச்சு மெஷினை கழட்டிப் பார்த்திருக்காங்க, ரெண்டு நிமிஷம்கூட தாங்கல. இப்போ நீங்க ஒரு வீடியோ பார்த்திருக்கீங்க, அதுல ஒருத்தருக்கு நெஞ்சுக்குள்ள வயர் வச்சு கரண்ட் குடுத்ததும் வென்டிலேட்டரே இல்லாம மூச்சு விடறார். அது நிஜமா, தம்பிக்கு வைக்கலாமா, பிசியோ கை காலுக்கு வைக்கிற ஸ்டிமுலேட்டர் பேடை கழுத்துலயோ நெஞ்சுலயோ ஒட்டினா மூச்சு வராதா, அவன் குரலை மறுபடி கேட்போமா, இதுதான் உங்க கேள்விங்க.

வீடியோ நிஜம்தாம்மா. நான் மறுவாழ்வு மருத்துவத்துல இருக்கேன், அந்த மாதிரி ஆளுங்களை நேர்லயே பார்த்திருக்கேன். ஆனா அது உங்க தம்பிக்கு ஒத்து வருமாங்கறது ஒரே ஒரு விஷயத்துலதான் நிக்குது, அந்த விஷயத்தைப் பத்தி உங்க கடிதத்துல ஒரு வரிகூட இல்ல, அதாவது அவருக்கு ஃப்ரெனிக் நரம்பை டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்களா இல்லையான்னு. ஒருவேளை யாரும் உங்களுக்கு சொல்லாம இருந்திருக்கலாம். அதனால மெஷினைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி அந்த நரம்பைப் பத்தி பேசிடலாம்.

நாம மூச்சை உள்ள இழுக்கறதுல பெரும்பங்கு வேலை டயஃப்ரம் செய்யறது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி கவிழ்ந்து கிடக்கற தசை அது, சுருங்கினா கீழ இறங்கும், நுரையீரல் விரியும், காத்து தானா உள்ள வரும். அந்த தசைக்கு ஆர்டர் கொண்டு போறதுதான் ஃப்ரெனிக் நரம்பு, இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு. டயஃப்ரம் இருக்கறது விலா எலும்புக்கு அடியில, ஆனா அதோட நரம்பு கிளம்பறது கழுத்துல, சி-3, சி-4, சி-5 இந்த மூணு இடத்துல இருந்து. கழுத்துல அடிபட்டா மூச்சு நிக்கறது இதனாலதான்.

இங்க ரெண்டு மாதிரி நடக்கலாம். மூளைல இருந்து சி-3 வரைக்கும் ஆர்டர் வர்ற பாதை மட்டும் அறுந்திருக்கலாம், அதுக்குக் கீழ நரம்பு கிளம்பற செல்லும் நரம்பும் உயிரோட சும்மா ஆர்டருக்குக் காத்துகிட்டு இருக்கும். அப்படி இருந்தா வெளியில இருந்து சின்ன கரண்ட் துடிப்பு குடுத்து அந்த நரம்பை எழுப்பிடலாம், டயஃப்ரம் சுருங்கும், மூச்சு வரும். இல்லன்னா அடி விழுந்த இடமே சி-3, சி-4, சி-5 ஆ இருந்து நரம்பு கிளம்பற செல்லே செத்துப் போயிருக்கலாம், அப்போ கொஞ்ச நாள்ல நரம்பும் பட்டுப்போகும், அதுல எவ்வளவு கரண்ட் குடுத்தாலும் தசைக்குப் போய்ச் சேராது. அதனாலதான் சி-1, சி-2 ல அடிபட்டவங்களுக்கு, அதாவது இன்னும் மேல, பார்க்க இன்னும் மோசமான அடி உள்ளவங்களுக்கு, இந்த கரண்ட் மெஷின் நல்லா வேலை செய்யுது. உங்க தம்பிக்கு சி-3 ங்கறது நடு எல்லைக்கோடு. நரம்பு முழுசா இருக்கலாம், பாதி இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து இதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, டெஸ்ட்தான் பண்ணணும்.

டெஸ்ட் ஒண்ணும் பெருசு இல்ல. கழுத்துப் பக்கவாட்டுல அந்த நரம்பு போற இடத்துல ஒரு சின்ன கரண்ட் துடிப்பு குடுத்து, விலா ஓரத்துல ஒட்டின எலக்ட்ரோடுல டயஃப்ரம் பதில் சொல்லுதான்னு பார்ப்பாங்க. கூடவே அல்ட்ராசவுண்ட்லயோ எக்ஸ்ரே ஸ்க்ரீன்லயோ டயஃப்ரம் நிஜமா கீழ இறங்குதான்னும் பார்க்கலாம். ரெண்டு பக்கமும் தனித்தனியா பார்க்கச் சொல்லுங்க. ஒரு தடவை பதில் இல்லன்னு வந்தாலும் அதோட கதவை மூடிட வேண்டாம், ஏன்னா பாதி அடிபட்ட நரம்பு மாசக்கணக்குல மெதுவா துளிர்க்கும், அதனால சில மாசம் விட்டு திரும்பப் பார்க்கறது வழக்கம்தான். நரம்பு முழுசா போயிட்டாக்கூட விலா நரம்பு ஒண்ணை எடுத்து ஃப்ரெனிக் நரம்போட தைச்சு, அது வளர்ந்து வந்த பிறகு பேசர், அதாவது நரம்புக்கு கரண்ட் துடிப்பு குடுக்கற அந்த மெஷினை, வைக்கிற ஆப்பரேஷனும் இருக்கு, ஆனா அது ரொம்ப சில இடத்துலதான் பண்றாங்க, வளரவே பல மாசம் ஆகும், இப்போதைக்கு அதை மனசுல ஏத்திக்க வேண்டாம்.

இப்போ அந்த ரெண்டு நிமிஷ விஷயம். உங்க கடிதத்துல என்னை ரொம்ப யோசிக்க வச்ச இடம் அதுதான். சேர்ல உட்கார வச்சு கழட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க. நமக்கெல்லாம் மூச்சு முட்டினா எழுந்து உட்கார்ந்தா சுகமா இருக்கும், ஆனா கழுத்துல அடிபட்டவங்களுக்கு இது நேர் எதிர். வயித்து தசைக்கு பிடிப்பே இல்லாததால உட்கார்ந்தா வயிறு முன்னாடி தொங்கிடும், டயஃப்ரம் ஏற்கனவே கீழ இறங்கி தட்டையா ஆயிடும், அதுக்கு மேல சுருங்க அதுக்கு இடமே இருக்காது. மட்டமா படுக்க வச்சா குடலெல்லாம் சேர்ந்து டயஃப்ரத்தை மேல தள்ளும், குடை மறுபடி குடையா ஆகும், அதே தசை கூடுதல் காத்தை இழுக்கும். அதனால உட்கார வச்சு எடுத்த அந்த ஒரு டெஸ்ட்டை வச்சு வாழ்நாள் முழுக்க மெஷின்னு முடிவு பண்ணக்கூடாதுங்கறது என் கருத்து. டாக்டர் பக்கத்துல நிக்க, ஆக்சிஜன் மானிட்டர் மாட்டி, படுக்க வச்சு திரும்ப ஒரு தடவை பார்க்கச் சொல்லி மரியாதையா கேளுங்க. உட்கார வைக்கிறப்போ வயித்தைச் சுத்தி அகலமான பெல்ட் கட்டினாலும் இந்தக் குறை ஓரளவு ஈடாகும்.

அப்படி பார்க்கறப்போ நீங்க பக்கத்துல இருந்தா அவர் வயித்தை கவனிங்க. மூச்சை இழுக்கறப்போ வயிறு மேல எழும்பினா டயஃப்ரம் கொஞ்சமாவது வேலை செய்யுதுன்னு அர்த்தம். வயிறு உள்ள குழிஞ்சு, கழுத்து தசை மட்டும் கயிறு மாதிரி புடைச்சு நின்னா, டயஃப்ரம் வேலை செய்யல, கழுத்துதான் இழுக்குதுன்னு அர்த்தம், ஏன்னா கழுத்துல முன்பக்கம் இருக்கற அந்த தசைக்கு நரம்பு பெரும்பாலும் தண்டுவடத்தோட உச்சியில, அடிபட்ட இடத்துக்கு மேல இருந்து கிளம்புது, அதனால அந்த அடி அதை முழுசா தொடாது. கழுத்து தசையால சில நிமிஷம் ஓட்டலாம், அதுக்கு மேல களைச்சிடும். சி-3, சி-4 அடிபட்டவங்கள்ல சிலர் முதல் ஒரு வருஷத்துக்குள்ள மெஷினை விட்டு தானாவே வந்திருக்காங்க, முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, நடுவுல நல்ல ஓய்வு, இப்படி வாரக்கணக்கா. அஞ்சு மாசம்ங்கறது இதுல ஒண்ணும் தாமதம் இல்லம்மா.

சரி, நரம்பு உயிரோட இருக்கு, ஆனா தானா மூச்சு வரல, அப்போ என்ன மெஷின்? இந்த யோசனை புதுசு இல்ல. 1948 லயே ஸ்டான்லி சார்னாஃப் குழு கழுத்துல ஃப்ரெனிக் நரம்புக்கு கரண்ட் குடுத்து ஆளுக்கு மூச்சு வர வச்சு எழுதினாங்க, 1960-கள்ல யேல் பல்கலைக்கழகத்துல வில்லியம் கிளென்ங்கற சர்ஜன் அதை உடம்புக்குள்ள நிரந்தரமா வைக்கிற மாதிரி பண்ணார். அந்த வகையில நரம்பு மேலயே எலக்ட்ரோடு வைப்பாங்க, தோலுக்கு அடியில ஒரு ரிசீவர் இருக்கும், அதுக்கு நேர் மேல தோல்ல ஒரு ஆன்டெனாவை ஒட்டி வெளிய ஒரு பெட்டியில இருந்து சிக்னல் அனுப்புவாங்க, உள்ள பேட்டரியே கிடையாது. இன்னொரு வகை அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல ரேமண்ட் ஆண்டர்ஸ் குழு கொண்டு வந்தது, லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன துளை போட்டு பண்ற ஆப்பரேஷன் மூலமா வயித்து வழியா போய் டயஃப்ரம் தசைக்குள்ள, நரம்பு நுழையற புள்ளிக்குப் பக்கத்துல, பக்கத்துக்கு ரெண்டா நாலு மெல்லிய வயர் வைப்பாங்க, வயர் நுனி தோல் வழியா வெளிய வந்து ஒரு சின்ன பெட்டியில சேரும். அமெரிக்காவுல தண்டுவட அடிபட்டவங்களுக்கு இதுக்கு 2008 ல அனுமதி கிடைச்சுது. வயரை தசைக்குள்ள வச்சாலும் கரண்ட் எழுப்பறது நரம்பைத்தான், அதனால நரம்பு செத்திருந்தா இந்த வகையும் உதவாது.

கிறிஸ்டோபர் ரீவ்னு ஒரு ஹாலிவுட் நடிகர், 1995 ல குதிரைல இருந்து விழுந்து கழுத்து உச்சியில அடிபட்டு வென்டிலேட்டர்ல இருந்தவர். 2003 ல இந்த ரெண்டாவது வகையை வச்சுகிட்ட ரொம்ப முதல் ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். எட்டு வருஷம் சும்மா கிடந்த டயஃப்ரம்கூட பயிற்சி குடுத்தா திரும்ப வேலை செய்யும்னு அவரைப் பார்த்துதான் நிறைய பேர் நம்ப ஆரம்பிச்சாங்க. மூக்கு வழியா காத்து போனதும் வாசனை தெரியுதுன்னு அவர் சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது, ஏன்னா தொண்டை ட்யூப்ல இருக்கறவங்களுக்கு காத்து மூக்கையே தொடாது, வருஷக்கணக்கா வாசனை இல்லாம வாழறாங்கங்கறதை பக்கத்துல இருக்கற நாமகூட யோசிக்கறதில்ல.

ஆனா பேசர் வச்ச அன்னிக்கே வென்டிலேட்டரைக் கழட்டிடலாம்னு நினைச்சுடாதீங்க. வென்டிலேட்டர்ல முழுசா இருந்தா டயஃப்ரம் ரொம்ப வேகமா இளைச்சுப் போகும், 2008 ல வந்த ஒரு ஆய்வுல 18 ல இருந்து 69 மணி நேரம் முழுசா மெஷின்ல இருந்தவங்களுக்கே தசை நார் பாதிக்குப் பக்கமா மெலிஞ்சிருந்துச்சு. உங்க தம்பி அஞ்சு மாசமா இருக்கார். அதனால ஒரு மணி நேரத்துக்கு சில நிமிஷம்னு ஆரம்பிச்சு, ஆக்சிஜன் அளவும் ஒவ்வொரு மூச்சுல எவ்வளவு காத்து போகுதுங்கறதும் பார்த்து பார்த்துதான் கூட்டணும், சிலருக்கு சில வாரம், சிலருக்கு பல மாசம். நரம்பு நல்லா இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க தினம் பல மணி நேரம் மெஷின் இல்லாம இருக்கற நிலைக்கு வந்துடறாங்க, 24 மணி நேரமும் வர்றது எல்லாருக்கும் நடக்கறதில்ல. பகல் பூரா மெஷின் இல்லாம சேர்ல வெளிய போய்ட்டு ராத்திரி மட்டும் மெஷின்ல படுக்கறது நல்ல முடிவுதான், அதைத் தோல்வின்னு தம்பிகிட்ட யாரையும் சொல்ல விடாதீங்க.

ராத்திரி ஏன் கஷ்டம்னா, நாம தானா மூச்சு இழுக்கறப்போ தொண்டை தசையும் அதே நேரத்துல விறைச்சு வழியைத் திறந்து வைக்கும். பேசர் டயஃப்ரத்தை மட்டும்தான் இழுக்கும், தொண்டைக்கு அந்த சேதி தெரியாது, அதனால தூக்கத்துல தொண்டை உள்பக்கமா ஒட்டிக்கலாம். நான் பார்த்த ஒருத்தருக்கு பகல்ல எல்லாம் அருமையா இருந்துச்சு, வீட்டுக்காரங்க சந்தோஷத்துல ராத்திரியும் ட்யூபை மூடியே வச்சுட்டாங்க, காலைல தலைவலி, குழப்பம், ஆக்சிஜன் கம்மி, பயந்து போய் மெஷின் ரிப்பேர்னு சொல்லி கூட்டிட்டு வந்தாங்க, மெஷின்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி ட்யூபைத் திறந்து வச்சதும் சரியாயிடுச்சு. அதனால பேசர் வச்சாச்சுன்னு தொண்டை ஓட்டையை மூடிட அவசரப்பட வேண்டாம். வயர் அறுந்து போகலாம், தோல்ல வயர் வெளிய வர்ற இடத்துல சீழ் வைக்கலாம், பேட்டரி தீர்ந்துடலாம், அதனால வென்டிலேட்டரும் கையால அமுக்கற ஆம்பு பேகும் எப்பவும் பக்கத்துலயே இருக்கணும், வீட்ல குறைஞ்சது ரெண்டு பேருக்கு அதை அமுக்கத் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்து பேட் ஒட்டற கேள்வி. கழுத்துலயும் நெஞ்சுலயும் வீட்ல தயவுசெஞ்சு ஒட்டாதீங்க. கழுத்துல பிபியையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கற ஒரு இடம் இருக்கு, அங்க கரண்ட் பட்டா துடிப்பு சட்டுன்னு இறங்கிடலாம், குரல்வளை இறுகிடலாம், நெஞ்சுக்கு குறுக்க ஓடற கரண்ட் இதயத் துடிப்பைக் குழப்பலாம். தோலுக்கு மேல இருந்து ஃப்ரெனிக் நரம்பை டெஸ்டுக்கு சில துடிப்பு எழுப்பலாம், நாள் பூரா மூச்சு ஓட்ட முடியாது.

ஆனா பேடுக்கு ஒரு நல்ல இடம் இருக்கு, வயிறு. இதை நான் கொஞ்சம் நிறுத்தி சொல்ல ஆசைப்படறேன், ஏன்னா எல்லாரும் மூச்சை உள்ள இழுக்கறதையே பேசறாங்க, இருமறதை மறந்துடறாங்க. டயஃப்ரம் இழுக்க மட்டும்தான் செய்யும். சளியை வெளிய தள்ற இருமலுக்கு வயித்து தசை வேணும், அது தம்பிக்கு வேலை செய்யல, உலகத்துலயே பெஸ்ட் பேசர் வச்சாலும் செய்யாது. தண்டுவட அடிபட்டவங்க உயிருக்கு பெரிய எதிரி நிமோனியா, அது பெரும்பாலும் சளி தேங்கித்தான் வருது. வயித்து நரம்பு கிளம்பறது முதுகோட நடு, கீழ்ப்பகுதியில இருந்து, தம்பிக்கு அந்த இடத்துல அடி இல்லாததால அந்த நரம்பு பெரும்பாலும் உயிரோட இருக்கும். அதனால வயித்து பக்கவாட்டுல பேட் ஒட்டி, மூச்சு வெளிய விடற நேரத்துக்கு சரியா கரண்ட் குடுத்தா வயிறு சுருங்கி இருமலுக்கு வேகம் கூடும், வாரக்கணக்கா பயிற்சியா குடுத்தா தசையும் பலப்படுது. ஆஸ்திரேலியாவுல இதுக்குன்னே ஆராய்ச்சி நடந்திருக்கு. கிளீவ்லேண்ட்ல ஆன்டனி டிமார்கோங்கற டாக்டர் ஒரு படி மேல போய் முதுகுல தண்டுவடத்து மேலயே எலக்ட்ரோடு வச்சு பட்டனைத் தட்டினா பலமான இருமல் வர்ற மாதிரி பண்ணியிருக்கார்.

வயித்துக்கு பேட் வைக்கிறதும் முதல் சில தடவை பிசியோ முன்னாடிதான். தம்பிக்கு அங்க உணர்ச்சி இல்ல, சூடு பட்டா தெரியாது, பேட் எடுத்ததும் தோல் சிவந்திருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. அதைவிட முக்கியம், நடு முதுகுல டி-6 ங்கற முதுகெலும்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு கீழ எதாவது தொந்தரவு பட்டா பிபி திடீர்னு ஏறும். மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகம் சிவந்து வேர்க்கறது, இதெல்லாம் வந்தா உடனே பேடுக்கு கரண்ட் குடுக்கற மெஷினை (வென்டிலேட்டரை இல்ல) ஆஃப் பண்ணி, தலையை உயர்த்தி உட்கார வச்சு, இறுக்கமான துணி, பெல்ட் எல்லாம் தளர்த்தி, யூரின் ட்யூப் மடங்கி அடைச்சிருக்கான்னு பாருங்க, அப்பவும் இறங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. இந்த பேட் வைத்தியம் ஆரம்பிக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும்னும் இல்ல, மூச்சு வெளிய வர்ற நேரம் கையால வயித்தை உள்நோக்கி மேல தள்ளி இருமவைக்கிற முறையை பிசியோகிட்ட கத்துக்குங்க, காத்தை உள்ள தள்ளி உடனே உறிஞ்சி எடுக்கற இருமல் மெஷினும் இருக்கு, சக்‌ஷன் மட்டும் போடறதைவிட அது ஆழத்துல இருக்கற சளியை நல்லா கொண்டு வரும்.

கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, தெரிஞ்ச ஒருத்தருக்கு ஏஎல்எஸ் நோய், அவங்களுக்கும் இதைச் சொல்லட்டுமான்னு. வேண்டாம்மா. அது நரம்பு செல்லே நாளுக்கு நாள் செத்துகிட்டு போற நோய். இங்கிலாந்துல 74 பேரை வச்சு பண்ணி 2015 ல வந்த ஆய்வுல, மாஸ்க் வென்டிலேட்டரோட பேசரும் சேர்த்து வச்சவங்க மாஸ்க் மட்டும் வச்சவங்களைவிட சீக்கிரமா இறந்தாங்க, நடுத்தரமா 11 மாசம், மத்தவங்க 22.5 மாசம். ஒரே மெஷின்தான், ஆனா நோய் வேற.

இப்போ குரல். அவன் உதட்டை மட்டும் அசைக்கிறான், என்ன சொல்றான்னு புரியாம நானும் அழறேன் அவனும் அழறான்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு உடனே சொல்லணும்னு தோணுச்சு, குரலுக்காக பேசர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. தம்பி பேச முடியாததுக்குக் காரணம் பெரும்பாலும் ட்யூபைச் சுத்தி இருக்கற கஃப், அதாவது அந்தக் குட்டி பலூன். அது ஊதியிருக்கறதால காத்து குரல் நாண் பக்கம் போகவே வழியில்ல. பலூனை இறக்கி, வென்டிலேட்டர் செட்டிங்கை கொஞ்சம் மாத்தினா காத்து மேல போகும், குரல் வரும், கூடவே பேசறதுக்குன்னே காத்தை உள்ள மட்டும் விடற ஒருவழி வால்வு இருக்கு, அதையும் வென்டிலேட்டர் லைன்லயே மாட்டலாம். விழுங்கறப்போ புரையேறுதா, தொண்டையில அடைப்பு இருக்கான்னு முதல்ல பார்க்கணும், ஸ்பீச் தெரபிஸ்டும் வென்டிலேட்டர் பார்க்கற டாக்டரும் சேர்ந்து நின்னுதான் பண்ணணும். வீட்ல நீங்களா முயற்சி பண்ணவே கூடாது, ஏன்னா பலூன் ஊதி இருக்கறப்போ அந்த வால்வை மாட்டினா உள்ள போன காத்து வெளிய வர வழி இல்லாம நிமிஷத்துல உயிருக்கு ஆபத்து ஆயிடும். முதல்ல பலூனை முழுசா இறக்கணும், அப்புறம்தான் வால்வு, கழட்டறப்போ முதல்ல வால்வை எடுக்கணும், அப்புறம்தான் பலூனை ஊதணும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கறப்போ இந்தக் கேள்வியை முதல்ல கேளுங்க, பலூனை இறக்கிப் பார்க்கலாமான்னு. அதுக்கப்புறம் ஃப்ரெனிக் நரம்பு டெஸ்ட், படுக்க வச்சு கழட்டிப் பார்க்கறது, இருமல் மெஷின். டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு பக்கத்து ரிசல்ட்டையும் எனக்கு எழுதுங்க, பேசரைப் பத்தி மேல பேசலாம். தம்பி பேச ஆரம்பிச்சுட்டா அவருக்கு என்ன வேணும்னு அவரையே கேட்டு எழுதுங்க, இவ்வளவு நேரம் நாம ரெண்டு பேருமே அவரைக் கேட்காமதான் பேசிகிட்டு இருக்கோம்.